போட்டோகிராபருடன் ஒப்பந்தம் போடும்முன்: படங்களின் உரிமையைப் பேசி வாங்குவது எப்படி

பணம் கொடுத்து ஒரு போட்டோகிராபரை அமர்த்தினோம், அவர் எடுத்தார், கோப்புகளை அனுப்பினார், அப்புறம் அந்தப் படங்கள் நம்முடையவைதானே? பல நாடுகளில் இல்லை. எனக்கு இது புரிந்தது ஓர் அட்டைப்பெட்டியால். சிறிய அளவில் பொருள் செய்து விற்றுக்கொண்டிருந்த காலத்தில் இணையதளத்துக்கென்று படங்கள் எடுக்கச் சொன்னேன், இரண்டு வருடம் கழித்து அவற்றில் நன்றாக இருந்த ஒன்றைப் பெட்டியின் மேல் அச்சிட்டேன், அடுத்த மாதமே அந்த போட்டோகிராபரிடமிருந்து மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. படங்களின் உரிமை அவரிடமே இருக்கும், எனக்கு இருப்பது "இணையதளம், சமூக ஊடகம்" பயன்பாடு மட்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. பெட்டிகள் அச்சாகிக் கடைகளுக்குப் போய்விட்டதால் பேரம் பேச எனக்கு இடமே இல்லை. முதலில் கொடுத்ததைவிடக் கூடுதலாகக் கொடுத்தேன். அதே உரிமையை ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் மிகச் சிறிய தொகையில் முடிந்திருக்கும்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒன்றுதான்: படம் எடுக்கும் வேலைக்குக் கொடுக்கும் பணம் வேறு, அந்தப் படத்தைப் பயன்படுத்தும் உரிமைக்குக் கொடுக்கும் பணம் வேறு. ஒரே ரசீதில் வந்தாலும் இரண்டையும் தனித்தனியாகத்தான் பேச வேண்டும். திருமணம், குழந்தையின் படங்கள், நிறுவனத்தின் விளம்பரம் என எதற்கு அமர்த்தினாலும் கீழே உள்ள வரிசை பொருந்தும்.

இன்னொன்று. பலரும் இதைக் காப்புரிமை என்கிறார்கள். காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்குத் தருவது. படத்துக்கு, எழுத்துக்கு, இசைக்கு இருப்பது பதிப்புரிமை. பேச்சில் காப்பிரைட் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் தமிழில் ஒப்பந்தம் எழுதினால் இந்தச் சொல்லை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

படி 1: யாரையும் அழைக்கும்முன் ஒரு பட்டியல்

ஒரு தாளில் இந்தப் படங்கள் எங்கெல்லாம் போகும் என்று எழுதுங்கள். இணையதளம், சமூக ஊடகப் பக்கம், அச்சு நோட்டீஸ், பெரிய பேனர், பொருளின் உறை, காசு கொடுத்துப் போடும் விளம்பரம், பத்திரிகைகளுக்கு அனுப்புவது, உங்கள் பொருளை விற்கும் மற்ற கடைக்காரர்களுக்குக் கொடுப்பது. பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம்: எத்தனை வருடம், எந்தெந்த நாட்டில். வீட்டு நிகழ்ச்சி என்றால் பட்டியல் சிறியது: பிரிண்ட் போடுவது, உறவினர்களுக்குக் கொடுப்பது, உங்கள் சொந்தப் பக்கத்தில் போடுவது, பின்னொரு நாளில் வேறு இடத்தில் ஆல்பம் செய்துகொள்வது. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் மறக்கிறார்கள். ஆல்பத்தை எங்களிடம்தான் செய்ய வேண்டும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும்.

கண்டிப்பாக வேண்டியவை, கிடைத்தால் நல்லது என்பவை, தேவையே இல்லாதவை என்று பட்டியலை மூன்றாகப் பிரித்துவிடுங்கள். மூன்றாவது பகுதிதான் பேரத்தில் உங்கள் கையிருப்பு. தேவையில்லாத உரிமையை விட்டுக்கொடுத்துத் தேவையானதை வாங்கலாம்.

படி 2: எழுதாமல் விட்டால் சட்டம் யார் பக்கம்

ஒப்பந்தம் எதுவும் சொல்லாவிட்டால் உரிமை யாருக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது, அதனால்தான் இணையத்தில் படிக்கும் அறிவுரைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அதன்படி படத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கப் பதிவு எதுவும் தேவையில்லை, எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் முதல் உரிமையாளர் யார் என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் சொல்கிறது.

இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17, வாடிக்கையாளர் பக்கம் சாய்கிறது: ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணம் பெற்று எடுத்த படம் என்றால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டவரே முதல் உரிமையாளர். "வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை" என்ற அந்தச் சில சொற்களைக் கவனியுங்கள். ஸ்டுடியோவின் அச்சிட்ட படிவத்தில் "உரிமை எங்களுக்கே" என்று ஒரு வரி இருந்து நீங்கள் கையெழுத்துப் போட்டால் சட்டம் தந்த சலுகை அங்கேயே முடிந்தது.

பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி போட்டோகிராபர்தான் உரிமையாளர். ஆனால் சொந்த, குடும்பத் தேவைக்காக எடுக்கச் சொன்னவருக்கு, அந்தப் படங்களைப் பொதுவில் வெளியிடாமல் தடுக்கும் உரிமை தனியாக இருக்கிறது. கனடாவில் 2012 நவம்பர் வரை எடுக்கச் சொன்னவருக்கு இருந்த உரிமை, அதன்பின் போட்டோகிராபருக்குப் போனது. சிங்கப்பூரிலும் 2021 நவம்பரில் வந்த புதிய சட்டம் இதே மாற்றத்தைச் செய்தது, ஆகவே உங்கள் மாமா அங்கே பத்து வருடம் முன்பு சொன்ன அனுபவம் இன்று பொருந்தாது. ஆஸ்திரேலியாவில் குடும்பத் தேவைக்கான படம் என்றால் வாடிக்கையாளருக்கு, வணிகத்துக்கு என்றால் எடுத்தவருக்கு. ஜெர்மனியில் பதிப்புரிமையைக் கைமாற்றவே முடியாது, பயன்படுத்தும் உரிமையை மட்டுமே வாங்கலாம். அமெரிக்காவில் "கூலிக்குச் செய்த படைப்பு" என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் போதும், உரிமை தானாகவே அமர்த்தியவருக்கு வந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். வெளியிலிருந்து அமர்த்தும் போட்டோகிராபர் விஷயத்தில் சட்டம் சொல்லும் 9 வகைப் படைப்புகளுக்கு மட்டுமே அது செல்லும், ஒரு திருமணப் படம் அதில் வராது. அங்கே உரிமை வேண்டுமென்றால் அதைக் கைமாற்றுவதாக உரிமையாளர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும்.

நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே: எதையும் எழுதாமல் விடாதீர்கள், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள்.

படி 3: உரிமையாளர் ஆக வேண்டுமா, பயன்படுத்தினால் போதுமா

பேச்சுவார்த்தை உடைந்துபோகும் இடம் பெரும்பாலும் இதுதான். வாடிக்கையாளர் "முழு உரிமையும் எனக்கு வேண்டும்" என்பார், போட்டோகிராபர் விலையை மூன்று மடங்காக்குவார் அல்லது எழுந்து போய்விடுவார். உண்மையில் வழிகள் மூன்று இருக்கின்றன.

முதலாவது உரிமை மாற்றம். பதிப்புரிமையே உங்கள் கைக்கு வந்துவிடும், அவர் அந்தப் படத்தைத் தன் வேலைகளைக் காட்டும் தொகுப்பில் போடக்கூட உங்களைக் கேட்க வேண்டும். இரண்டாவது பிரத்தியேக உரிமம்: பதிப்புரிமை அவரிடமே இருக்கும், ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குக் குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு உங்களைத் தவிர வேறு யாருக்கும் தர முடியாது. மூன்றாவது சாதாரண உரிமம்: நீங்களும் பயன்படுத்தலாம், அவர் வேறு யாருக்கும் விற்கவும் செய்யலாம்.

என் கருத்து, பெரும்பாலானவர்களுக்கு முதலாவது தேவையே இல்லை. ஒரு நிறுவனத்துக்கு அதன் அடையாளமாகவே ஆகப்போகும் படம், மருத்துவமனை போன்று ரகசியம் காக்க வேண்டிய இடத்தில் எடுத்த படம், இவற்றுக்கு உரிமை மாற்றம் கேளுங்கள். மற்றபடி நன்றாக எழுதப்பட்ட உரிமம் போதும், விலையும் குறையும். குடும்பப் படங்களுக்கு "காலவரம்பு இல்லாத, சொந்தப் பயன்பாட்டு உரிமம்" கேட்டு, அதோடு அவர் அந்தப் படங்களை வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்ற ஒரு வரியையும் சேர்த்தால் உங்கள் கவலை எல்லாம் அதில் அடங்கிவிடும்.

உரிமப் பத்தி இப்படி இருக்கலாம்: "இத்துடன் இணைத்துள்ள பட்டியலில் உள்ள படங்களை, வாடிக்கையாளர் தன் இணையதளம், சமூக ஊடகம், அச்சு விளம்பரம், பொருளின் உறை ஆகியவற்றில், எல்லா நாடுகளிலும், ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடங்களுக்குப் பயன்படுத்தலாம். வெட்டவும், நிறம் மாற்றவும், எழுத்து சேர்க்கவும் அனுமதி உண்டு. தன் அச்சகத்துக்கும் விற்பனையாளர்களுக்கும் இதே நோக்கத்துக்காகக் கொடுக்கலாம். இந்தக் காலத்தில் போட்டோகிராபர் இந்தப் படங்களை வேறு யாருக்கும் உரிமம் தரமாட்டார்."

வெட்டுவது, நிறம் மாற்றுவது பற்றிய வரி எதற்கு என்று தோன்றலாம். பதிப்புரிமை கைமாறினாலும் படைப்பாளியின் தார்மிக உரிமை என்று ஒன்று பல நாடுகளில் எடுத்தவரிடமே தங்குகிறது: தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லவும், தன் பெயருக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைத்தால் எதிர்க்கவும் அவருக்கு முடியும். பெயரை எங்கே போடுவது, எங்கே போட முடியாது (பெட்டியின் மேல் இடம் இருக்காது) என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம்.

காலத்தையும் இடத்தையும் எழுதாமல் விடுவது ஆபத்து. இந்தியச் சட்டத்தின் பிரிவு 19-இன்படி, உரிமை மாற்றத்தில் காலம் சொல்லாவிட்டால் 5 வருடம், இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். "என்றென்றைக்கும்" என்று மனதில் நினைத்துப் பணம் கொடுத்தவருக்கு இது பெரிய இடி.

"பைஅவுட்", "வணிகப் பயன்பாடு", "ராயல்டி ஃப்ரீ" ஆகிய மூன்று சொற்கள் வந்தால் நிறுத்திக் கேளுங்கள். பைஅவுட் என்றால் ஒருவருக்கு முழு உரிமை மாற்றம், இன்னொருவருக்கு ஒரு வருட விளம்பரம். வணிகப் பயன்பாடு என்றால் கடையின் பக்கத்தில் போடுவதா, காசு கொடுத்துப் போடும் விளம்பரம் மட்டுமா? ராயல்டி ஃப்ரீ என்றால் இலவசம் என்று பொருள் இல்லை, ஒவ்வொரு முறைக்கும் தனியாகப் பணம் கேட்கமாட்டார் என்பதுதான். என்ன பொருளில் சொல்கிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்து, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: அவர் உங்கள் படங்களை என்ன செய்யலாம்

நாம் என்ன செய்யலாம் என்பதிலேயே கவனம் போய்விடுகிறது. போட்டோகிராபர் தன் வேலையைக் காட்டித்தான் அடுத்த வேலையைப் பிடிக்கிறார், அதனால் தொகுப்பில் போட அனுமதி கேட்பது நியாயம். ஆனால் தொகுப்பு, போட்டி, கட்டண விளம்பரம், படம் விற்கும் தளங்கள், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குக் கொடுப்பது, இவை ஐந்தும் ஐந்து தனி அனுமதிகள். ஒரே வரியில் "விளம்பரத்துக்கும் பிற தேவைகளுக்கும்" என்று எழுதியிருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தாய், தன் குழந்தையின் படத்தை முன்பின் தெரியாத ஒரு பக்கத்தின் விளம்பரத்தில் பார்த்து அழுதார். அவர் கையெழுத்திட்ட தாளில் அந்த வரி இருந்தது.

குழந்தைகள் இருக்கும் படங்களுக்கு என் நிலை கறாரானது: ஒவ்வொரு படத்தையும் காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே வெளியிடலாம், பிறகு கேட்டால் 7 நாட்களுக்குள் எடுத்துவிட வேண்டும். பெரியவர்கள் விஷயத்தில் நெகிழலாம். நிகழ்ச்சி முடிந்து ஒரு மாதம் வரை வெளியிடக் கூடாது, அல்லது முகம் தெரியாத படங்கள் மட்டும் என்று நடுவழிகள் இருக்கின்றன.

பதிப்புரிமை வேறு, படத்தில் இருக்கும் மனிதரின் ஒப்புதல் வேறு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உரிமை முழுவதும் உங்களிடம் இருந்தாலும், உங்கள் ஊழியரின் முகத்தை அவரைக் கேட்காமல் விளம்பரத்தில் போட்டால் வேறு சிக்கல் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, அடையாளம் தெரியும் முகம் தனிப்பட்ட தரவாகவே கருதப்படும். மாடல் ரிலீஸ் எனப்படும் அந்த ஒப்புதல் கடிதத்தை யார் வாங்குவது, நீங்களா அவரா, அசல் யாரிடம் இருக்கும் என்பது ஒப்பந்தத்தில் வர வேண்டும். படம் எடுக்கும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது கொடுமை.

படி 5: கையில் என்ன வரும்

ரா ஃபைல், அதாவது கேமராவில் பதிவானபடியே இருக்கும் மூலக் கோப்பு வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், எல்லா போட்டோகிராபரும் முகம் சுளிக்கிறார்கள். எடிட் செய்யாத கோப்பு வெளியே போய் யாரோ தாறுமாறாக நிறம் மாற்றினால் தன் பெயர் கெடும் என்பது அவர் பயம், அதில் நியாயம் இருக்கிறது. உங்களிடம் ரா ஃபைலைத் திறக்கும் மென்பொருளும் எடிட் செய்ய ஆளும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பதிலாக வாட்டர்மார்க் இல்லாத முழு அளவு ஜேபெக் கேளுங்கள், அளவை எண்ணில் எழுதுங்கள். ஏ4 தாளில் தெளிவாக அச்சிட 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) கணக்கில் 2480 க்கு 3508 பிக்சல் வேண்டும், ஏ3-க்கு 3508 க்கு 4961. "ஹை ரெசல்யூஷன்" என்று மட்டும் எழுதினால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அர்த்தம். ஒப்படைப்பது டவுன்லோட் லிங்க்கில் அல்லது ஹார்ட் டிஸ்க்கில் என்று போடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும்.

எத்தனை படங்கள், எத்தனை நாளில், எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், யார் தேர்ந்தெடுப்பது, இதெல்லாம் எண்ணில். கோப்புகளை அவர் எத்தனை மாதம் வைத்திருப்பார் என்றும் கேளுங்கள். இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகும் கேமராவா, அன்றிரவே நகல் எடுப்பாரா என்று நான் எப்போதும் கேட்பேன், திரும்ப எடுக்க முடியாத நாள் என்றால் இது கட்டணத்தைவிட முக்கியம்.

படி 6: பணம், ரத்து, வராமல் போனால்

அட்வான்ஸ் தேதியைப் பிடித்து வைக்க, ஒரு பகுதி படம் எடுக்கும் நாளில், மீதி ஒப்படைக்கும்போது என்று பிரித்தால் இருவருக்கும் நிம்மதி. முழுப் பணமும் வந்த பிறகே உரிமம் செல்லும் என்று அவர் கேட்பார். ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசித் தவணைக்கு முன் படங்களை வாட்டர்மார்க்கோடு பார்த்துச் சரிபார்க்கும் வாய்ப்பு உங்களுக்கு வேண்டும்.

ரத்து என்பதையும் தேதி மாற்றம் என்பதையும் தனித்தனியாக எழுதுங்கள். நீங்கள் ரத்து செய்தால் அட்வான்ஸ் போகும் என்பது வழக்கம், அவர் ரத்து செய்தால் முழு அட்வான்ஸும் திரும்ப வர வேண்டும் என்பதும் அதே அளவு நியாயம், ஆனால் படிவங்களில் முதல் பாதி மட்டும்தான் அடிக்கடி இருக்கும். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் வருவார், அவருடைய வேலையை முன்பே பார்த்து நீங்கள் சம்மதம் சொல்ல முடியுமா என்பதும் வேண்டும்.

ஸ்டுடியோவை அமர்த்தினால் ஒரு கேள்வி கூடுதல். படம் எடுக்க வருபவர் ஸ்டுடியோவின் ஊழியரா, அன்றைக்கு மட்டும் கூலிக்கு வந்தவரா? இரண்டாவது என்றால் அவருடைய உரிமையை ஸ்டுடியோ எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டுடியோ உங்களுக்குத் தரும் உரிமத்துக்கு அடியில் மண்ணே இல்லை. "எடுத்தவர் அனைவரிடமிருந்தும் தேவையான உரிமைகளைப் பெற்றுள்ளோம்" என்று ஒரு வரி கேளுங்கள், தயங்கினால் காரணம் கேளுங்கள்.

படி 7: பேசும் விதம்

"கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே விலையில் சிக்கிக்கொள்ளும். நான் இப்படி ஆரம்பிப்பேன்: "உங்கள் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. படங்களை இந்த இந்த இடங்களில் பயன்படுத்தப் போகிறேன். எடுக்கும் கட்டணம் எவ்வளவு, இந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?" பிரித்துச் சொன்னதும் எதை வெட்டலாம் என்பது உங்களுக்கே தெரியும்.

தொகை அதிகமாக இருந்தால் உரிமையைக் குறையுங்கள், அவருடைய வேலையின் மதிப்பைக் குறைக்காதீர்கள். "5 வருடத்துக்குப் பதில் 2 வருடம், அப்புறம் வேண்டுமானால் இந்தத் தொகைக்கு நீட்டிக்கலாம் என்று இப்போதே எழுதிவிடலாமா?" நீட்டிப்புத் தொகையை இன்றைக்கே நிர்ணயிப்பதுதான் இதில் சூட்சுமம், பெட்டிகள் அச்சான பிறகு அந்த விலை உங்கள் கையில் இருக்காது. உங்களிடம் கொடுக்கவும் சில உண்டு: பெயர் குறிப்பிடுவது, தொகுப்பில் போட அனுமதி, அடுத்த வேலைக்கு உறுதி, பணத்தைச் சீக்கிரம் கொடுப்பது. கடைசியில் சொன்னது நம்பமுடியாத அளவுக்கு வேலை செய்யும், ஏனென்றால் பலர் இவர்களை மாதக்கணக்கில் அலையவிடுகிறார்கள்.

"இது எங்கள் வழக்கமான படிவம், மாற்ற முடியாது" என்றால் படிவத்தை மாற்றச் சொல்லாதீர்கள். ஒரு தனித் தாளில் நான்கு வரி எழுதி, "படிவத்துக்கும் இதற்கும் முரண் வந்தால் இதுவே செல்லும்" என்று சேர்த்து இருவரும் கையெழுத்திடுங்கள். அதற்கும் மறுப்பவரிடம் நான் வேலை கொடுப்பதில்லை.

படி 8: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்குங்கள், பிறகு அதை ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். பேசும்போது இருந்து தாளில் இல்லாதது எதுவோ அதுதான் பின்னால் தகராறாகும். "இந்த ஒப்பந்தமே முழுமையானது, முந்தைய பேச்சுகள் செல்லாது" என்ற வரி பல படிவங்களின் கடைசியில் இருக்கும், அது இருந்தால் உங்கள் மின்னஞ்சலின் பலம் குறைந்துவிடும். பெரிய தொகை, பெரிய விளம்பரம் என்றால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

படங்கள் வந்ததும் ஒப்பந்தத்தின் நகலை அதே கோப்புறையிலேயே போட்டு வையுங்கள், கோப்புறையின் பெயரிலேயே உரிமம் முடியும் தேதியை எழுதுங்கள், உதாரணத்துக்கு "2030 மார்ச் வரை, அச்சு இல்லை". நீங்கள் வேலையை விட்டுப் போய்ப் புதிதாக ஒருவர் வந்து அதைத் திறந்தாலும் அவருக்குத் தெரிய வேண்டும். காலண்டரில் முடிவுத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு நினைவூட்டல். அந்த இரண்டு மாதத்தில் நீட்டிக்கலாம், அல்லது படங்கள் போன இடத்திலிருந்தெல்லாம் எடுக்கலாம், மீதமிருக்கும் அச்சுப் பிரதிகளை விற்றுத் தீர்க்க அவகாசம் கேட்டு ஒரு கடிதமும் எழுதலாம்.